பேக்கேஜை ஏற்றும் முன் ரௌட்டரை நகர்த்துங்கள்

எங்கள் ஊர் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் செம்பனை. எங்கள் வீடு முன்னால் ஹால், நடுவில் அறைகள், கடைசியில் சமையலறை என்று நீளமாகப் போகும் வரிசை வீடு. ஃபைபர் இணையம் போட வந்தவர் கேபிள் நுழைந்த இடத்திலேயே, முன் ஜன்னல் ஓரமாக, வைஃபை கொடுக்கும் ரௌட்டரை வைத்துவிட்டுப் போய்விட்டார். பாதி அலை ரோட்டுக்குப் போனது. பின்னால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு பார்க்கும் தங்கைக்கு ஆசிரியரின் முகம் அடிக்கடி அப்படியே நின்றுவிடும்.

வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "பேக்கேஜை ஏத்திப் போடு." ஏற்றியிருந்தால் மாதாமாதம் கூடுதல் வெள்ளி போயிருக்கும், சமையலறை மட்டும் மாறியிருக்காது. நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் செய்யலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

ஒரு தாளில் வீட்டின் படத்தைக் கிறுக்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஸ்பீட்டெஸ்ட் செயலியைத் திறங்கள். ரௌட்டரிலிருந்து ஆறடி தள்ளி நின்று மூன்று முறை அளங்கள். அப்புறம் ஒவ்வோர் அறையாகப் போய், கதவுகள் வழக்கம்போல் இருக்கும் நிலையிலேயே அளந்து, எண்ணைத் தாளில் அந்தந்த இடத்தில் எழுதுங்கள். காலையில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை. எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) பேக்கேஜ். ஹாலில் 94, நடு அறையில் 38, சமையலறையில் 3.

பக்கத்தில் நல்ல வேகம், தூரத்தில் இல்லை என்றால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே குறைவு என்றால் லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ரௌட்டரில் மாட்டி மறுபடி அளங்கள். அப்போதும் குறைவாக வந்தால், மோடத்தை (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டு நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள். எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்கும் விஷயம் சீக்கிரம் புரியும்.

300 பேக்கேஜ் எடுத்தும் கேபிளில் 90-ஐச் சுற்றியே நிற்கிறதா? லேன் கேபிளைச் சந்தேகப்படுங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள் இருக்கும். அதில் ஒன்று அறுந்தாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடக்கூடும். ரௌட்டரின் துளையே 100-க்கு மேல் தாங்காத பழைய வகையாகவும் இருக்கலாம்.

எவ்வளவு வேகம் போதும்? 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 100 தாராளம்.

இப்போது இடத்தை மாற்றுங்கள்

இதில்தான் பெரிய பலன் கிடைக்கும், பொறுமையாகச் செய்யுங்கள். பல வீடுகளில் பெட்டி இரண்டு இருக்கும்: ஃபைபர் வந்து சேரும் மோடம், வைஃபை கொடுக்கும் ரௌட்டர். மோடத்தை நகர்த்த வேண்டாம். அதிலிருந்து வரும் மெல்லிய ஃபைபர் கயிற்றுக்குள் இருப்பது கண்ணாடி இழை, மடக்கினால் உடைந்துவிடும். ரௌட்டரை மட்டும் நகர்த்த வேண்டும். கேட்5இ அல்லது கேட்6 என்று கேட்டு நீளமான லேன் கேபிள் வாங்குங்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாது. நான் 15 மீட்டர் வாங்கி, சுவரும் கூரையும் சேரும் மூலையில் கிளிப் அடித்து நடு அறை வாசல் வரை கொண்டுபோனேன். கதவு நிலையில் ஓட்டை போடவில்லை, மேலே காற்றுப்போக்கிக் கட்டை வழியாகவே கேபிள் நுழைந்துவிட்டது.

ரௌட்டர் தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் இருக்கட்டும். டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், ஐஸ்பெட்டி மேல் வேண்டாம். இரும்பும் கண்ணாடி அலமாரியின் ரசப்பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும், மீன் தொட்டியின் தண்ணீர் அதை உறிஞ்சும். தகரக் கூரைக்கு ஒட்டினாற்போலவும் வைக்காதீர்கள், மதிய வெயிலில் ரௌட்டர் வெந்துபோகும். ஆண்டெனா நேராக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும், தரை வீட்டுக்கு அதுவே சரி. மாடி இருந்தால் ஒன்றைச் சாய்த்துப் பாருங்கள்.

நகர்த்திய அன்றே எங்கள் சமையலறையில் 3 என்பது 41 ஆனது. பேக்கேஜ் அதே பேக்கேஜ்தான்.

2.4-ம் 5-ம்

ரௌட்டர் இரண்டு அலைவரிசையில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் மெதுவானது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு செங்கல் சுவருக்கு அப்பால் சோர்ந்துவிடும். இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்துவிட்டால் குழப்பமில்லை. டிவி, லேப்டாப் 5-இல். வாசல் கேமராவும் பின்கட்டில் உள்ளவையும் 2.4-இல். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-ஐ ஒட்டியே இயங்குவதால், சோறு சூடாக்கும் நேரத்தில் அந்த அலை தடுமாறும்.

வரிசை வீட்டில் இன்னொரு தொல்லை, பக்கத்து வீட்டு வைஃபை. ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். அந்த முகவரியை பிரௌசரில் அடித்து உள்ளே போய், 2.4-க்கான சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவை. சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் இருக்கட்டும். எந்தச் சேனலில் கூட்டம் குறைவு என்று ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் செயலி காட்டும். உள்ளே போன கையோடு அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

அப்படியும் ஒரு மூலை எட்டவில்லை என்றால்

பிளக்கில் சொருகும் ரிப்பீட்டர் மலிவு. ஆனால் வாங்கவும் கொடுக்கவும் ஒரே அலையைப் பயன்படுத்தும் வகையில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதைச் சிக்னல் செத்த இடத்தில் வைத்துப் பயனில்லை, பாதி வழியில் வைக்க வேண்டும். மெஷ் (ஒரே வலையாகச் சேர்ந்து இயங்கும் பல வைஃபை பெட்டிகள்) நல்லது, விலை அதிகம். என் சிபாரிசு, வீட்டில் தூங்கும் பழைய ரௌட்டர். அதன் அமைப்பில் ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுப்பது மட்டும்) என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால், முதல் ரௌட்டர் 192.168.0.1 என்றால் பழையதற்கு 192.168.0.2 கொடுத்து, டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் வேலை) அணைத்து, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் முதல் ரௌட்டரில் உள்ளபடியே வையுங்கள். முதல் ரௌட்டரிலிருந்து வரும் கேபிளைப் பழையதன் லேன் துளையில் மாட்டுங்கள், வேன் (WAN) என்று எழுதிய துளை காலியாக இருக்கட்டும். ரிப்பீட்டர்போல வேகம் பாதியாகாது.

ஃபைபர் வராத தோட்ட வீடுகளில் சிம் போடும் ரௌட்டர் இருக்கும். அதற்கு விதி நேர்மாறு, ஜன்னல் ஓரம்தான் நல்லது. நான்கு பக்க ஜன்னலிலும் வைத்து அளந்து பாருங்கள். மழையில் நனைந்த செம்பனை ஓலை சிக்னலைக் குடிக்கும், அதனால் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது.

கடைசியாக, இடி

நம் பக்கத்து மாலை இடியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃபைபர் கண்ணாடி என்பதால் மின்னல் அதன் வழியே வராது, ஆனால் பிளக் வழியாக வரும். சுவிட்சை அணைத்தால் போதாது. மோடம், ரௌட்டர் இரண்டின் பிளக்கையும் பிடுங்குங்கள். வெளியே போகும் லேன் கேபிள் இருந்தால் அதையும் கழற்றுங்கள். எங்கள் பாட்டி வானம் கறுத்தாலே டிவி பிளக்கைப் பிடுங்கிவிடுவார். இப்போது ரௌட்டர் பிளக்கில் சிவப்பு நூல் கட்டிக் கொடுத்திருக்கிறேன், அதையும் சேர்த்துப் பிடுங்குகிறார்.