இரண்டு நிமிடக் குளியல் போதவில்லை

கடலில் போய் வந்ததும், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கு இரண்டே நிமிடம் நல்ல தண்ணீர் காட்டிவிட்டு மூடிவைப்பது என் வழக்கம். ஒருநாள் நடுக்கடலில் சூட்டு எச்சரிக்கை மணி அலறியது. எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பின்புறத் துளையிலிருந்து பீய்ச்சியடிக்க வேண்டிய நீர் நூல் போல ஒழுகியது. கரைக்கு வந்து மெல்லிய கம்பியால் துளையைக் குத்தினேன். வெள்ளைப் பொருக்கு கொஞ்சம் உதிர்ந்தது, நீர் கூடவில்லை.

குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியபோதுதான் புரிந்தது. வால்வைச் சுற்றி உப்பு, பல்லில் காரை படிந்தாற்போல் இறுகியிருந்தது. எஞ்சின் சூடானால்தான் அது திறக்கும். திறந்தால்தான் நல்ல தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றி முழுதாக ஓடும். என் அவசரக் குளியல் அங்கே எட்டவே இல்லை. சில மணி நேரம் வினிகரில் ஊறவைத்து (வாடைக்காக வீட்டில் வாங்கிய திட்டு தனி), வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து, கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட்டுடன் மாட்டினேன்.

இப்போது நீர் உறிஞ்சும் துளைகளின் மேல் ரப்பர் கவ்வியை மாட்டி, முதலில் குழாயைத் திறக்கிறேன். பிறகுதான் எஞ்சின்: நியூட்ரலில், வேகம் கூட்டாமல், 10 முதல் 15 நிமிடம். வரிசை மாறினால் பம்பில் நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தண்ணீரின்றிக் கருகிவிடும். நிறுத்தும்போது எஞ்சின் முதலில், குழாய் பிறகு. மீதி நீர் வடியும்வரை எஞ்சினை நிமிர்த்தியே வைக்கிறேன்.