கலப்பினக் காட்டுப்புற்களை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் காட்டுப்புற்களின் மரபணு ஆய்வைத் தொடங்கும் மாணவர்களின் அட்டவணைகளைப் புரட்டும்போது, எங்கள் தலைமுறை தடுமாறிய அதே இடங்களில் அவர்களும் தடுமாறுவதைக் காண்கிறேன். மாதிரிப் பையில் பெயரெழுத மறப்பது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

கலப்புத்தன்மையைப் பன்மை என எண்ணுவது

இங்கிலாந்தின் சவுத்தாம்டன் கழிமுகத்தில் அமெரிக்கப் புல்லான ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃபுளோராவும் ஐரோப்பியப் புல்லான ஸ்பார்ட்டினா மாரிட்டிமாவும் கலந்து, விதை பிடிக்காத ஒரு கலப்பினம் உருவானது. 1870இல் அது சேகரிக்கப்பட்டது. பின்னர் அதன் குரோமோசோம்கள் இரட்டித்து, ஸ்பார்ட்டினா ஆங்கிலிகா என்னும் வளமான, அதாவது விதை பிடிக்கும், புதிய சிற்றினம் பிறந்தது. இப்புல்லின் ஒவ்வொரு செடியும் இரு பெற்றோரின் மரபணுப் பிரதிகளையும் சுமக்கிறது. குரோமோசோம்கள் பெரும்பாலும் தத்தம் பெற்றோர்வழி இணையோடு மட்டுமே சேர்வதால், இரண்டு பிரதிகளும் ஏறக்குறைய எல்லா வாரிசுகளுக்கும் அப்படியே செல்கின்றன. ஆகவே ஒரு செடிக்குள் வேறுபாடு, அதாவது கலப்புத்தன்மை, மிகுதி. செடிக்கும் செடிக்கும் இடையிலான வேறுபாடு, அதாவது பன்மை, மிகச் சொற்பம்.

அண்மையில் ஒரு மாணவி, இத்தகைய பன்மடியப் புல் (இரண்டுக்கு மேற்பட்ட குரோமோசோம் தொகுதிகள் கொண்டது) ஒன்றின் தரவை, இரண்டே தொகுதிகள் கொண்ட இருமடியங்களுக்கான மென்பொருளில் ஏற்றி, பன்மை மிகுந்த கூட்டம் என்று முடிவுகட்டி, எஞ்சிய ஆய்வு நிதியை அந்த முடிவின்மேலேயே செலவிட்டுவிட்டார். எந்த இரண்டு செடிகள் வேறுபடுகின்றன என்று கேட்டபோது, காட்டுவதற்கு ஒரு சோடிகூட இல்லை. அவரை வழிநடத்தியவர்களில் எவரும் குரோமோசோம் எண்ணிக்கையை முதலில் கேட்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அதை முதலில் எண்ணுங்கள். பெற்றோர் மாதிரிகளையும் அதே ஆய்வகத் தட்டில் சேர்த்துச் சோதியுங்கள். சராசரி வேறுபாட்டு எண்ணைப் பார்க்கும் முன், தனித்தனி மரபணு வகைகள் எத்தனை என்று பாருங்கள்.

பசுங்கணிகத்தை மட்டும் நம்புவது

புற்களில் பசுங்கணிகத்தின் (இலைக்குப் பச்சை நிறம் தரும் செல் உறுப்பின்) டிஎன்ஏ பெரும்பாலும் தாய்வழியே வருகிறது. ஆங்கிலிகாவில் அது அமெரிக்கத் தாயை மட்டுமே காட்டும். ஐரோப்பியத் தந்தையை உட்கருவின் டிஎன்ஏவில்தான் தேட வேண்டும்.

ஒரு செடியைப் பலவாக எண்ணுவது

நம் காலி நிலங்களில் காணும் லாலாங் புல் தரைகீழ்த் தண்டால் படர்வதால், அருகருகே நிற்பவை ஒரே செடியாக இருக்கலாம். அடுத்தடுத்த புல்தண்டுகளைப் பறிக்காதீர்கள்.

அனுமதியின்றிப் பறிப்பது

கூடாது.

அதே பெற்றோர் என்றால் அதே பிறப்பு என்பது

பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லைக் கடற்கரையில் காணப்பட்ட ஸ்பார்ட்டினா நெய்ராட்டியும் அதே இரு பெற்றோருக்கு, அதே தாய்வழியில், தனியாகப் பிறந்த கலப்பினம்தான். ஆயினும் அதன் வழியில் ஆங்கிலிகாவைப் போன்ற வளமான சிற்றினம் எதுவும் உருவாகவில்லை.