வரைபடத்தில் பசுமை, வீட்டுக்குள் புழுக்கம்

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். "பசுமை வீடாக வேண்டும் சார்" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். பால்கனியிலிருந்து தொங்கும் கொடிகள், தரை முதல் கூரை வரை கண்ணாடி, மொட்டை மாடியில் சோலார் பேனல். அந்தக் கண்ணாடி மேற்கே பார்த்துவிட்டால் பேனல் தரும் மின்சாரத்தில் பெரும்பங்கை ஏசியே தின்றுவிடும். திசையைத் தீர்மானிப்பதற்கு முன்பே பொருள் வாங்கக் கிளம்புவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குத் தமிழில் 'கோடை' என்றே பெயர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல். வீடு எந்தப் பக்கம் முதுகைக் காட்ட வேண்டும் என்பது அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. ஆனால் வாஸ்து பெரிய படுக்கையறையைக் கன்னி மூலைக்கு, அதாவது தென்மேற்குக்கு அனுப்பிவிடுகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்படிக் கட்டிய ஒரு வீட்டில், மே மாதத்தில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அணைத்து வெகுநேரமாகாத அடுப்புத் திண்டுபோல் சுட்டது. பகலெல்லாம் குடித்த வெயிலைச் சுவர் அப்போதுதான் அறைக்குள் கக்கிக்கொண்டிருந்தது. வாஸ்துவோடு நான் சண்டைக்குப் போவதில்லை, போனபோதெல்லாம் தோற்றிருக்கிறேன். அறையை அங்கேயே விட்டுவிட்டு, மேற்குச் சுவரை ஒட்டி அலமாரியையும் குளியலறையையும் வைத்துவிடுவேன். வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். கட்டிலுக்குத் தெற்குச் சன்னல் கிடைக்கும்.

படித்தவர்கள் செய்யும் திசைத் தவறு வேறு. வடக்குப் பக்கம் வெயிலே படாது என்று எங்கோ படித்துவிட்டு அங்கே சன்ஷேடை வெட்டிவிடுகிறார்கள். அது டெல்லிக்கு ஓரளவு பொருந்தும். நாம் 12 டிகிரி அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது.

சந்தேகம் இருந்தால் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வெளியில் நின்றாவது பாருங்கள். 1930களின் இறுதியில் தொடங்கிய வேலை. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட். கட்டுமானத்தை உடனிருந்து கவனித்தவர்களில் ஜார்ஜ் நகாஷிமா ஒருவர். நீளமான பக்கங்கள் இரண்டும் வடக்கும் தெற்கும். அவற்றில் கண்ணாடிச் சன்னல் கிடையாது. வேண்டியபடி திருப்பி வைக்கக்கூடிய கிடைமட்டப் பலகைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், இடையில் காற்று ஓட இடம். ஏசி இல்லாமல் வாழ்வதற்கென்றே கட்டியது. கான்கிரீட் என்றாலே பாவம் என்று பேசுகிறவர்களுக்கும் இந்தக் கட்டடம் பதில் சொல்லும்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக: பெயரைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். ஆரோவில்லில் 5 சதவீத அளவு சிமெண்ட் சேர்த்து, சுடாமல் அழுத்திச் செய்யும் மண் கல் அருமையான பொருள்தான். ஏற்ற மண் மனைக்குப் பக்கத்திலேயே இருந்தால் மட்டும். செம்மண்ணை லாரி லாரியாக எங்கிருந்தோ கொண்டுவந்து மண் வீடு கட்டுவதில் அர்த்தமில்லை. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பல் நம் மாவட்டத்திலேயே கிடைக்கும்போது, அதில் செய்யும் ஃப்ளை ஆஷ் கல்லை மறந்துவிடுகிறோம்.

உப்புக் காற்றை மறப்பது இதைவிட மோசம். கடற்கரைச் சூழலில் நேரடியாக நிற்கும் கான்கிரீட்டுக்கு எம்30 என்ற வலிமைத் தரமும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. கடலூர்க் கடலோரத்தில் தேவனாம்பட்டினம் பக்கம் நடக்கும் வேலைகளில், அந்த மூடல் குறையாமலிருக்கக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் சொருகிவைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளில் கம்பி துருவேறி, சன்ஷேடு பெயர்ந்து விழும். இருபது ஆண்டில் இடித்துக் கட்ட வேண்டிய வீட்டின் மொட்டை மாடியில் எத்தனை பேனல் வைத்து என்ன?

மழைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கி 2003 முதல் ஆணை இருக்கிறது. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மழைநீரை மண்ணில் இறக்காமல் போர்வெல்லில் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறும். இது தெரிந்தும் மனை முழுக்கச் சிமெண்ட் தளம் போட்டு, மண் தெரியாமல் மூடிவிடுகிறோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் பேஸ்மெண்டை உயர்த்தினார்கள். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் மனை முழுவதையும் மேடாக்கினால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகிறது, அவரும் மேடாக்குகிறார்.

இங்கேதான் உள்ளாட்சியின் தவறுகள் தொடங்குகின்றன. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போட்டால், வீட்டுக்காரர் மண் கொட்டாமல் என்ன செய்வார்? அடுத்தது, விதி யாருக்கு என்பது. குடியிருப்புகளுக்கான தேசிய எரிசக்தி விதியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, 2018-இல் வந்தபோது 500 சதுர மீட்டர் மனையிலிருந்துதான் பேசத் தொடங்கியது. வணிகக் கட்டடங்களுக்கான விதி 100 கிலோவாட் மின் இணைப்பிலிருந்து. நம் ஊரில் பெரும்பாலானோர் கட்டுவது இரண்டு கிரவுண்டுக்கும் குறைவான மனையில். ஆகவே 2021-இல் மாநகராட்சியான கடலூரும், புதுச்சேரித் திட்டக் குழுமமும் அனுமதி தரும் மேசையில் என்ன கேட்கின்றன என்பதே உண்மையான விதி. சின்ன வீட்டுக்காரரிடம் செலவு பிடிக்கும் தரச் சான்றிதழைக் கேட்பது வீண். மேற்குச் சுவருக்கு நிழல், மாடிக்கு வெள்ளைத் தட்டோடு, மனையில் இத்தனை அடி திறந்த மண் என்று மூன்று வரி போதும். புனே மாநகராட்சி மழைநீர் சேகரிப்பு, சூரிய வெந்நீர் போன்றவற்றுக்குச் சொத்துவரியில் 5 முதல் 10 சதவீதம் வரை தள்ளுபடி தருகிறது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே, அதாவது வெயிலைத் திருப்பிவிடும் வெளிர்நிறக் கூரைக்கென்றே, ஒரு கொள்கை கொண்டுவந்தது. இங்கும் முதலில் நகராட்சிப் பள்ளிகளின் மாடியை வெள்ளையாக்கலாம். எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து விலை கேட்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தாளில் வரைந்ததைத் தளத்தில் பார்க்காமல் விடுவது. வரைபடத்தின் மூலையில் மழைநீர்க் குழி என்று ஒரு வட்டம் போட்டால் அனுமதி கிடைத்துவிடுகிறது. கட்டி முடித்தபின், புரட்டாசியில் ஒருவர் வந்து மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கீழே இறங்கி, அது எங்கே போகிறதென்று பார்த்தால் போதும். அதைப் பார்த்தபின்தான் வரித் தள்ளுபடி.

போன ஆண்டு என் வீட்டிலேயே ஊற்றிப் பார்த்தேன். குழாய் குழிக்கு ஒரு சாண் மேலே உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. வாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. தண்ணீர் சுவரோரமாக வழிந்து, கேட்டுக்கு அடியில் புகுந்து, தெருவில் போய் நின்றது. அந்த வரைபடம் நான் போட்டது.