டேப்பெட் செட்டிங்: உங்கள் காருக்குத் தேவையா, செலவு எவ்வளவு நியாயம்?

சர்வீஸ் அட்டவணையில் 'வால்வு கிளியரன்ஸ் சரிபார்க்கவும்' என்று ஒரு வரி இருக்கும். மெக்கானிக்குகள் பேச்சில் இதுதான் டேப்பெட் செட்டிங். "வண்டி நல்லாத்தானே ஓடுது, இது எதுக்கு?" என்று கேட்கத் தோன்றும். சில கார்களுக்கு உண்மையிலேயே இது வேண்டாம். அதனால் உங்கள் இன்ஜின் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

படி 1: இன்ஜின் வகை

இன்ஜினுக்குள் காற்றையும் எரிபொருளையும் விடுவது இன்டேக் வால்வு, புகையை வெளியே விடுவது எக்ஸாஸ்ட் வால்வு. சூடேறும்போது வால்வுத் தண்டு நீளும். அதற்கு இடம் கொடுக்க, வால்வுகளை அழுத்தித் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் பக்கம் ஒரு சிறு இடைவெளி விட்டிருப்பார்கள், இதுதான் வால்வு கிளியரன்ஸ். பல இன்ஜின்களில் ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கிறது. ஆயில் அழுத்தத்தாலேயே அது இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும், நாம் செட் செய்ய அதில் எதுவும் இல்லை. சரியான கிரேடு ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். இந்த வகை இன்ஜினுக்கு டேப்பெட் செட்டிங் என்று பில் வந்தால், என்ன வேலை செய்தார்கள் என்று தாராளமாகக் கேட்கலாம்.

மற்றவை இரண்டு வகை: ஸ்க்ரூவும் லாக்நட்டும் உள்ளவை, ஷிம் (தடிமன் அளந்த சிறு தகடு) அல்லது பக்கெட் (வால்வின் தலையில் கவிழ்ந்திருக்கும் கிண்ணம்) மாற்ற வேண்டியவை. உங்கள் காரில் எது என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். சில தயாரிப்பாளர்கள் சத்தம் வந்தால் மட்டும் பார்க்கச் சொல்கிறார்கள்.

படி 2: சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள்

இடைவெளி கூடினால் 'டக் டக்' என்று கேட்கும். எரிச்சலாக இருந்தாலும் உடனே பெரிய ஆபத்தில்லை. இடைவெளி குறைவதுதான் வினை, ஏனென்றால் அது சத்தமே போடாது. வால்வும், மூடும்போது அது உட்காரும் வளையமான சீட்டும் தேயத் தேய வால்வு மேலேறி, இடைவெளி சுருங்கும். கடைசியில் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. உட்கார முடியாவிட்டால் விளிம்பு கருகும், சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) போகும், இன்ஜின் விட்டுவிட்டு ஓடி மிஸ்ஸிங் அடிக்கும். சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளில் சீட் சீக்கிரம் தேயலாம் என்பதால், அவற்றை வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

படி 3: செக்கிங் எப்படி நடக்கிறது

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், முந்தைய இரவே நிறுத்திவிட்டால் நல்லது. வால்வு கவரைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டை இன்ஜின் சுற்றும் திசையிலேயே திருப்பி, முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் டிடிசிக்கு, அதாவது வால்வுகள் மூடியிருக்க பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு, கொண்டுவருவார்கள். கேம்ஷாஃப்ட்டில் துருத்தியிருக்கும் கேமின் மூக்கு வால்வை அழுத்தாத நிலையில், தடிமன் குறித்த மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். லேசான பிடிப்போடு நழுவினால் அந்தத் தகட்டின் தடிமன்தான் இடைவெளி. பெரும்பாலும் இன்டேக்குக்கு 0.2 மி.மீ. பக்கம், அதிகம் சூடாகும் எக்ஸாஸ்டுக்கு 0.3 மி.மீ. பக்கம் வரும். ஆனால் உங்கள் மேனுவலில் உள்ள அளவே கணக்கு. ஸ்க்ரூ வகையில் லாக்நட்டை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடலாம், எனவே மறுபடி அளக்காமல் கவரை மூடக் கூடாது.

படி 4: பில்லைப் படியுங்கள்

செலவில் பெரும்பங்கு கூலிதான். ஸ்க்ரூ வகைக்குச் சில மணி நேர வேலையும் வால்வு கவர் கேஸ்கட்டும் போதும். ஷிம் வகையில் அளப்பது மட்டும் மலிவு. மாற்ற வேண்டுமென்றால் பல இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும், டைமிங் செயினையும் தொட வேண்டிவரும், கூலி பல மடங்காகும். ஆகவே 'செக்கிங்', 'அட்ஜஸ்ட்மென்ட்' இரண்டுக்கும் தனித்தனி விலை கேளுங்கள். எல்லா வால்வும் அளவுக்குள் இருந்தால் இரண்டாவதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதை விட்டுவிட்டு வால்வு கருகினால், வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டும். ஹெட் கேஸ்கட், புது வால்வு, சீட் கிரைண்டிங், கூலன்ட், பல இன்ஜின்களில் புது ஹெட் போல்ட்டும் சேரும். அந்தத் தொகைக்குப் பக்கத்தில் செக்கிங் கூலி ஒன்றுமே இல்லை.

படி 5: அளவுகளை எழுதி வாங்குங்கள்

ஒவ்வொரு வால்வின் அளவையும் கிலோமீட்டரோடு குறித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை ஒப்பிட்டால் எது சுருங்கிக்கொண்டே வருகிறது என்று தெரியும். அளவைக் காட்டாமல் "எல்லாம் பார்த்தாச்சு" என்பவரிடம் நான் வண்டி விட மாட்டேன். வேலை முடிந்த ஒரு வாரத்தில் வால்வு கவர் ஓரத்தில் ஆயில் கசிகிறதா என்றும் பாருங்கள். கசிந்தால் அந்த கேஸ்கட்டைச் சரிசெய்து தருவது அவர்கள் பொறுப்பு.