லேமனின் துண்டுச் சீட்டு: ஷூட் அவுட்டுக்குக் கோல்கீப்பர் குறிப்பு எழுதுவது எப்படி

2006 ஜூன் 30, பெர்லின் ஒலிம்பிக் மைதானம். உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் 1-1 என நிற்க, ஆட்டம் பெனால்டி ஷூட் அவுட்டுக்கு, அதாவது இரு அணியினரும் மாறி மாறி கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு உதைக்கும் கட்டத்துக்குப் போனது. ஜெர்மனியின் கோல்கீப்பர் பயிற்சியாளர் ஆந்த்ரேயாஸ் கோப்கே ஹோட்டல் தாளில் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று கோல்கீப்பர் யென்ஸ் லேமனின் ஸ்டாக்கிங்கில் இருந்தது. அர்ஜென்டினாவின் அயாலா, காம்பியாஸோ இருவரின் உதையையும் லேமன் தடுத்தார். ஜெர்மனி 4-2 என வென்றது. அந்தச் சீட்டு பிறகு 10 லட்சம் யூரோவுக்கு நன்கொடை ஏலத்தில் போனது. ஆனால் வேலைக்கான கருவி என்று பார்த்தால் அதில் ஓட்டைகள் உண்டு. அவற்றை அடைத்து எழுதுவோம்.

முதலில் தகவல். ஒவ்வொரு ஆட்டக்காரரும் கடைசியாக உதைத்த எட்டு, பத்து பெனால்டிகளின் வீடியோவைப் பாருங்கள். நாலு விஷயம் போதும்: எந்தக் கால், உதைக்க ஓடி வரும் ஓட்டம் நீளமா குட்டையா, பந்து போன பக்கம், உயரம். இவற்றோடு, ஓடி வரும்போது அவர் பந்தைப் பார்க்கிறாரா, கீப்பரைப் பார்க்கிறாரா என்பதையும் குறியுங்கள். 3-0 முன்னிலையில் அடித்ததைவிட 89ஆம் நிமிடத்தில் அடித்ததற்கு மதிப்பு அதிகம். நெருக்கடியில் மனிதன் பழகிய பக்கத்துக்கே போவான். வலது காலால் உதைப்பவருக்கு இயல்பாக வருவது கீப்பரின் வலப்பக்கம். தகவலே கிடைக்காதவருக்கு இதையே எழுதலாம்.

சீட்டில் இடது, வலது என்பது எப்போதும் கீப்பரின் இடது, வலதுதான். வீடியோ பார்த்துக் குறித்தவர் உதைப்பவர் பக்கத்திலிருந்து எழுதிவிட்டால் எல்லா உழைப்பும் தலைகீழ். தாளின் மேலேயே கோல் போஸ்ட் படம் போட்டு இ, வ என்று குறித்துவிடுங்கள்.

ஒருவருக்கு ஒரு வரி, நாலைந்து சொல். "9 - நீள ஓட்டம் - வ - தாழ" போதும் (9 என்பது சட்டை எண்). கோப்கேயின் சீட்டும் இப்படித்தான் இருந்தது: ரிக்கெல்மேக்கு இடது, உயரம், கிரெஸ்போவுக்கு நீள ஓட்டம் என்றால் வலது, குட்டை ஓட்டம் என்றால் இடது. அயாலாவுக்கு எழுதியதுதான் அதில் சிறந்த வரி: நீண்ட நேரம் காத்திரு. பக்கத்தைப் போலவே எப்போது பாய்வது என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். 11 மீட்டர் தூரத்தை 100 கிலோமீட்டர் வேகப் பந்து சுமார் 0.4 நொடியில் கடக்கும். போஸ்ட்டை ஒட்டி வரும் பந்துக்குக் கால் படும் கணத்திலேயே கிளம்பியாக வேண்டும். ஆனால் கீப்பரைப் பார்த்து உதைப்பவரிடம் முன்கூட்டியே அசைந்தால் எதிர்ப்பக்கம் தட்டிவிடுவார். எனவே ஒவ்வொரு பெயருக்கும் "பாய்" அல்லது "காத்திரு" என்று முடியுங்கள்.

இப்போது பெரிய ஓட்டை. அந்தச் சீட்டில் ஏழு பெயர்கள். ரிக்கெல்மேயும் கிரெஸ்போவும் ஆட்டம் முடியும் முன்பே வெளியேறியிருந்தார்கள். மெஸ்ஸியும் ஐமாரும் களமிறங்கவே இல்லை. அன்று உதைத்த நால்வரில் அயாலாவும் மாக்ஸி ரொட்ரிகெஸும் மட்டுமே சீட்டில் இருந்தவர்கள். கூடுதல் நேரத்தின் முடிவில் களத்தில் நிற்பவர்தான் உதைக்க முடியும். இன்று ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள், கூடுதல் நேரத்தில் இன்னும் ஒருவர் என்று பாதி அணியே மாறிவிடலாம். எனவே மொத்த அணிக்கும் தயாரித்து வையுங்கள். 120ஆம் நிமிடத்தில் பயிற்சியாளர் வெளியேறியவர்களின் பெயர்களைக் கோடு போட்டு அடித்துவிட்டுச் சீட்டைக் கொடுக்கட்டும். உதைக்கும் வரிசை முன்கூட்டித் தெரியாது. அதனால் சட்டை எண் வரிசையில் எழுதினால்தான் சட்டென்று கண்ணில் படும்.

பென்சில் வேண்டாம்; வியர்வையில் மங்கிவிடும். அழியாத மார்க்கரில் பெரிய எழுத்தாக எழுதி, மேலே செல்லோ டேப் ஒட்டுங்கள். கையுறையோடு பிரிக்க வேண்டும் என்பதால் ஒரே மடிப்பு. ஷின் பேடுக்கும் (முன்னங்கால் காப்பு) ஸ்டாக்கிங்குக்கும் நடுவே செருகலாம். தண்ணீர் பாட்டிலில் ஒட்டுவது இன்னும் வசதி.

எடுத்துப் பார்க்கும் நேரமும் முக்கியம். உதைப்பவர் நடுவட்டத்திலிருந்து நடந்து வரும்போதே பாருங்கள். அவர் பந்தை வைத்த பிறகும் இழுத்தடித்தால் நடுவர் எச்சரிப்பார். பந்தில் கால் படும்போது ஒரு பாதத்தின் பகுதியாவது கோல் லைனைத் தொட்டோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். முன்னே வந்து தடுத்தால் மறு உதை. முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை மஞ்சள் அட்டை.

சீட்டில் பெயர் இல்லாதவர் வந்தால்? காம்பியாஸோவின் பெயர் அதில் இல்லை. ஆனாலும் லேமன் சீட்டை எடுத்து நிதானமாகப் படித்துவிட்டு மறுபடி செருகினார். எதிரே நின்றவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வோர் உதைக்கு முன்பும் ஒரே மாதிரி, ஒரே நேரம் பாருங்கள். சிலருக்கு மட்டும் பார்த்தால் யாரைப் பற்றித் தெரியாது என்பதை நீங்களே காட்டிக்கொடுத்துவிடுவீர்கள்.