கோல்காப்பாளராக விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு, கொம்பனித்தெரு சிட்டி லீக் மைதானத்தின் வேலியோரம் நின்று உதைபந்தாட்டப் பயிற்சியைப் பார்க்கும் தகப்பன்மார், மகன் பாய்ந்து விழுந்து பந்தைத் தட்டிவிட்டால் கைதட்டுகிறார்கள். அதே பந்தை, அது வருமுன்னரே இரண்டு எட்டு நகர்ந்து நின்று அவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் எவரும் கவனிப்பதில்லை. முதல் தவறு அந்தக் கைதட்டலுக்காக விளையாடப் பழகுவது. 7.32 மீற்றர் அகலமும் 2.44 மீற்றர் உயரமும் கொண்ட கோலைப் பாய்ச்சலால் மட்டும் மூடிவிட முடியாது என்பதால், முன்னே வந்து கோணத்தைக் குறுக்கும் காலடிகளே இத்தொழிலின் அடிப்படை.

ஓட முடியாதவனைக் கோலுக்கு நிறுத்தும் பழக்கம் நம் பாடசாலைகளில் இன்னும் முற்றாகப் போகவில்லை. சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல்காப்பாளர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992இல் வந்தது. அன்றிலிருந்து கால்களும் அவருடைய கருவிகள்தாம். ஆனாலும் மற்றவர்கள் பந்துப் பரிமாற்றம் பழகும்போது அவர் ஓரமாக நின்று உயரப் பந்து பிடித்துக்கொண்டிருப்பதையே நான் அதிகம் காண்கிறேன். 2025 ஜூலை முதல், பந்தைக் கையில் 8 விநாடிகளுக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோர்னர் கிக் கிடைக்கும். முந்தைய 6 விநாடி விதியை மத்தியஸ்தர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை என்பதை நம்பி ஆறுதலாக நிற்பவர் இனி அகப்படுவார்.

தலையில் அடிபட்டும் தொடர்ந்து ஆடுவதை வீரம் என்று எண்ணவேண்டாம். 2006இல் மண்டையோடு உடைந்த செல்சி கழகக் கோல்காப்பாளர் பீற்றர் செக், சிகிச்சை பெற்றுத் திரும்பிய பின் ஓய்வுபெறும்வரை தலைக்கவசத்துடனேயே விளையாடினார்.

எனினும், அதிகமான திறமைகள் வீணாவது அவசரத்தினால்தான். முன்கள வீரரின் வயதைக் கொண்டு தன்னை அளந்து, 23 வயதாகியும் மாற்று வீரராகவே இருக்கிறேனே என்று கையுறைகளைக் கழற்றிவிடும் இளைஞர், இந்த இடத்தின் ஆயுள் வேறு என்பதை மறந்துவிடுகிறார். 17 வயதில் அறிமுகமான இத்தாலியக் கோல்காப்பாளர் புபொன் விதிவிலக்கு. டினோ சொஃப் இத்தாலி அணியின் தலைவராக 1982 உலகக் கிண்ணத்தை வென்றபோது அவருக்கு வயது 40. எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹடாரி 2018இல் 45 வயதில் உலகக் கிண்ணத்தில் ஆடி, பெனல்ட்டியொன்றையும் தடுத்தார். அதற்காக எந்தக் கழகத்திலும் காத்திருக்கலாம் என்பதல்ல. கோல்காப்பாளருக்கு அணியில் ஓர் இடமே உண்டு, அவரைப் போட்டியின் நடுவே மாற்றுவதும் அரிது. ஆகவே, பெரிய கழகத்தின் சீருடையுடன் ஆண்டுக்கணக்கில் வெளியே அமர்ந்திருப்பதைவிட, கீழ்ப் பிரிவில் வாராவாரம் ஆடுவதே மேல் என்பது என் துணிபு.

இலங்கை அணியின் கோல்காப்பாளர் சுஜான் பெரேராவைப் போல மாலைதீவில் ஆடுவது கொழும்பு இளைஞர் பலரின் கனவு. வாய்ப்பேச்சை நம்பிக் கட்டுநாயக்காவில் விமானம் ஏறுவது அந்தக் கனவில் நேரும் தவறு. 18 வயது நிரம்பாதவரின் சர்வதேச மாற்றத்தைச் சில விதிவிலக்குகள் தவிர, சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா அனுமதிப்பதில்லை. இரண்டு மாதச் சம்பளத்தை கழகம் தராவிட்டால், 15 நாள் அவகாசத்துடன் எழுத்தில் அறிவித்து, அதன் பின்னும் கிடைக்காதபோது ஒப்பந்தத்தை முறிக்க வீரருக்கு உரிமையுண்டு. ஆனால் அதைக் கோருவதற்குக் கையொப்பமிட்ட பிரதியொன்று அவர் கையில் இருக்கவேண்டும்.