புது வீட்டில் குடிபுகுமுன் துப்புரவு: சீமெந்துத் தூளை முதலில் வெளியேற்றுங்கள்

குடியிருக்கும் வீட்டைக் கூட்டித் துடைப்பது ஒரு வேலை. கட்டி முடித்த வீட்டைக் குடிபுகுமுன் துப்புரவு செய்வது முற்றிலும் வேறு வேலை. குடியிருக்கும் வீட்டில் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் இருக்கும். புது வீட்டில் சீமெந்து, சுவரை உரஞ்சிய தூள், ரைல்ஸ் வெட்டிய மா, பெயின்ற் துளிகள் என்று எல்லாம் படிந்து கிடக்கும். சீமெந்து தண்ணீர் பட்டால் இறுகும் பொருள். ஆகவே வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போகாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. குடிபூரலுக்கு நாள் பார்த்துவிடுவார்கள்; பெயின்ற் வேலையோ அதற்கு முந்திய கிழமை வரை இழுபடும். இடையில் கிடைக்கும் சொற்ப நாட்களுக்குள் எல்லாம் முடிய வேண்டும். கொக்குவிலில் எங்கள் வீட்டை நாங்களே துப்புரவு செய்தபோது பயன்பட்ட ஒழுங்கைக் கீழே தருகிறேன்.

வேண்டிய பொருட்கள்

தும்புத்தடி ஒன்று, முற்றத்துக்கு ஈர்க்குமாறு ஒன்று, வாளி இரண்டு, பழைய பெயின்ற் தூரிகை, சவர பிளேட், நைலோன் தேய்ப்பான், தண்ணீரைத் தள்ளும் இறப்பர் தள்ளி, வெள்ளை வினாகிரி, நிறையப் பழந்துணி. பருத்திச் சாரமும் பழைய துவாயும் இருந்தால் கடையில் துடைப்புத் துணி வாங்கவே வேண்டாம். இரும்புத் தேய்ப்பானை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதன் நுண்ணிய இழைகள் ரைல்ஸ் மூட்டில் சிக்கித் துருப்பிடித்து, மஞ்சள் பொட்டுகளாகத் தங்கிவிடும். வாசனை திரவங்களும் இப்போது தேவையில்லை. நல்ல முகமூடி ஒன்று கட்டாயம் வேண்டும். சீமெந்துத் தூளும் ரைல்ஸ் மாவும் சுவாசப்பைக்குக் கெடுதல்.

தண்ணீர் வரும் வழி

துப்புரவுக்கு எடுக்கும் தண்ணீரே அழுக்காக இருந்தால் செய்யும் வேலையெல்லாம் வீண். மேல்தாங்கியை ஒருமுறை உள்ளே பாருங்கள். குழாய் பொருத்தியவர் அறுத்த பீவீசீச் சீவல்களும் மணலும் அடியில் கிடக்கும். அவற்றை அள்ளி எடுத்து, துணியால் துடைத்த பிறகு நிரப்புங்கள். அடுத்து ஒவ்வொரு குழாயின் வாயிலும் உள்ள சிறு வலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரை வேகமாக ஓட விடுங்கள். முதலில் கலங்கலும், பிறகு வெள்ளைச் சீவல்களும், குழாய்த் திருகில் சுற்றிய நாடாவின் துண்டுகளும் வரும். எல்லாம் போய்த் தண்ணீர் தெளிந்த பிறகே வலையை மாட்டுங்கள். குளிக்கும் பூவாளிக்கும் இதுவே முறை.

கிணறு புதிதாகத் தோண்டியதாகவோ கட்டட வேலைக்காலத்தில் திறந்து கிடந்ததாகவோ இருந்தால், இறைத்துச் சேறு அள்ளிக் குளோரின் இடுவது நல்லது. எவ்வளவு குளோரின் என்பது கிணற்றில் நிற்கும் தண்ணீரின் அளவைப் பொறுத்தது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு இடுங்கள். மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இறைக்க ஒருபோதும் விடாதீர்கள். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட் கிணற்றுக்குள் தங்கி, இறங்குபவரின் உயிரை எடுத்துவிடும்.

குடிதண்ணீருக்கு அந்தக் கிணற்றையே நம்பப் போகிறீர்கள் என்றால் ஆய்வுகூடத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எங்கள் குடாநாட்டின் நிலத்தடி முழுவதும் சுண்ணக்கல். தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் அதன் வெடிப்புகள் வழியாக எளிதில் இறங்கிவிடும். அப்படிச் சேரும் நைத்திரேற்றைக் கொதிக்க வைத்து நீக்க முடியாது.

உலர் துப்புரவு

மேலிருந்து கீழே வாருங்கள். கூரை, மின்விசிறி, யன்னல் மேல்விளிம்பு, கதவுச் சட்டத்தின் தலை, பிறகு சுவர், கடைசியில் தரை. கதவுச் சட்டத்தின் மேற்பக்கத்தைப் பெரும்பாலானோர் மறந்துவிடுவார்கள். அங்கே விரலை வைத்து இழுத்தால் தூள் திரையாக உதிரும். பெயின்ற் தூரிகையால் அதைத் தட்டிவிடுங்கள். அலுமினிய யன்னல்களின் ஓடுபாதையில் கிடக்கும் மணலையும் அதே தூரிகையால் ஒரு மூலைக்கு ஒதுக்கி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது அங்கேயே சேறாகிக் கட்டியாகும்.

தரையில் வெறும் தும்புத்தடியைப் போட்டுக் கூட்டினால் தூள் எழும்பி மறுபடியும் சுவரில்தான் ஒட்டும். தச்சுப் பட்டறையில் மரத்தூள் ஒரு சாக்கு வாங்கி, கையால் பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு ஈரமாக்கித் தரையில் தூவி, உடனே கூட்டுங்கள். தூள் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வெளிர்நிற மரத்தின் தூளாகப் பார்த்து எடுங்கள்; கடும் நிறமான தூளை ஈரமாக நெடுநேரம் விட்டால் மூட்டுகளில் சாயம் இறங்கும். அள்ளியதைக் கடகத்தில் நிரப்பி வெளியே கொண்டு போங்கள். குளியலறை வாய்க்காலில் ஒரு பிடி கூடப் போடக்கூடாது. சீமெந்து குழாய்க்குள் போய் இறுகினால் தரையை உடைத்துத்தான் எடுக்க வேண்டி வரும்.

யன்னல் கண்ணாடியில் பெயின்ற் துளிகள் இருந்தால் சவர்க்காரத் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டு, பிளேட்டைச் சரித்துப் பிடித்துச் சுரண்டுங்கள். நனைக்காமல் சுரண்டினால் இடையில் அகப்படும் மணல் துகள் கண்ணாடியில் கோடு போட்டுவிடும். ஒட்டுத்தாளின் பசைக்குத் தேங்காயெண்ணெய் போதும்.

தரையில் திரும்பத் திரும்ப வரும் வெள்ளை

என்னை நெடுநேரம் மறித்து வைத்த கட்டம் இது. தரையைத் துடைக்கும்போது பளிச்சென்று இருக்கும். காய்ந்ததும் மெல்லிய வெள்ளைப் படலம் தலைகாட்டும். மறுபடியும் துடைத்தால் மறுபடியும் அதே வெள்ளை. இதற்கு இரண்டு வேறு காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறியாமல் தேய்த்துக்கொண்டிருந்தால் கைதான் நோகும்.

முதலாவது, ரைல்ஸ் மூட்டை நிரப்பிய கலவையின் மிச்சம். வேலை முடிந்தவுடன் சரியாகத் துடைக்காமல் விட்டதால் ரைல்ஸின் மேல் மெல்லிய தோலாக இறுகியிருக்கும். இரண்டாவது, எங்கள் கிணற்றுத் தண்ணீரே. சுண்ணக்கல்லில் ஊறி வரும் தண்ணீரில் கல்சியம் அதிகம். தரையில் தானாகக் காய விட்டால் அது வெள்ளையாகப் படியும். கேத்திலின் அடியில் படிவதும் இதே பொருள்தான்.

எது என்று அறிய ஒரு வழி இருக்கிறது. ஒரேயொரு ரைல்ஸை மழைத் தண்ணீராலோ கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த தண்ணீராலோ இரண்டு தரம் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வெள்ளை திரும்பி வராவிட்டால் உங்கள் பிரச்சினை கிணற்றுத் தண்ணீர் மட்டுமே. துடைத்த தரையைத் தானாகக் காய விடாமல், உடனே உலர்ந்த துவாயால் துடைத்தால் போதும். அப்படியும் வெள்ளை நின்றால் அது கலவைத் தோல்.

கலவைத் தோலுக்கு மேசன்மார் சொல்லும் மருந்து அசிற். நான் அதற்கு முற்றாக எதிர். ஐதரோகுளோரிக் அமிலம் தோலோடு மூட்டையும் சேர்த்து அரிக்கும். அதன் ஆவி பட்டால் புதுக் குழாய்களின் பளபளப்பும் கதவுப் பிணைச்சல்களும் கறுத்துத் துருப்பிடிக்கும். அவசரப்படாவிட்டால் வினாகிரியே வேலையை முடிக்கும்.

கலவைப் பைக்கற்றில் குறிப்பிட்ட நாட்கள் கழிந்து மூட்டு நன்றாக இறுகிய பிறகு தொடங்குங்கள். முதலில் வெறும் தண்ணீரால் தரையை நனைத்துவிடுங்கள். மூட்டு தண்ணீரைக் குடித்துவிட்டால் அமிலத்தை உறிஞ்சாது. ஒரு பங்கு வினாகிரிக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தில் மட்டும் தடவுங்கள். சில நிமிடங்கள் விட்டு, காயுமுன் நைலோன் தேய்ப்பானால் வட்டமாகத் தேயுங்கள். பால் போன்ற கரைசல் எழும்பும். அதை உடனே இறப்பர் தள்ளியால் ஒதுக்கித் துணியால் ஒற்றி எடுங்கள். அந்தக் கரைசலைத் தரையிலேயே பரவ விட்டால் காய்ந்து அடுத்த வெள்ளையாகிவிடும். அதனால்தான் இரண்டு வாளி: ஒன்றில் துணியை அலசிப் பிழிந்து, மற்றதன் நல்ல தண்ணீரில் தோய்த்துத் துடையுங்கள். முதல் வாளி கலங்கியதும் மாற்றுங்கள். கடைசியில் துவாய். பிறகு அடுத்த பாய் அளவு இடம்.

அமில வகை எதையும் வெளிற்றும் தூளோடும் வெளிற்றும் திரவத்தோடும் சேர்க்கவே கூடாது. மலசலகூடத்துக்கு ஊற்றும் ஹார்பிக்கிலும் அமிலம் இருக்கிறது. அதோடு வெளிற்றும் திரவம் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சிறு குளியலறைக்குள் அது உயிராபத்து.

குடிபூரலுக்கு முன்னும் பின்னும்

குசினி அலுமாரிகளின் கதவுகளை எல்லாம் இரண்டு மூன்று நாட்கள் திறந்தே வையுங்கள். பலகைப் பசையின் மணம் குறையும். மூட்டுகள் நன்றாக உலர்ந்ததும், நீர் புகாமல் தடுக்கும் திரவத்தைத் தூரிகையால் பூசிவிடுங்கள். ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். வெள்ளை மூட்டில் மஞ்சளோ குங்குமமோ ஊறிவிட்டால் எளிதில் எடுக்க முடியாது. கிரியை நடக்கும் நாளில் இரண்டும் தாராளமாகச் சிந்தும். ஓமம் வளர்க்கும் இடத்தில் கல் அடுக்கி மணல் பரப்புங்கள். வெறும் ரைல்ஸின் மேல் சூடு ஏறினால் அது வெடிக்கும். இறுதித் துடைப்பைக் குடிபூரலின் மறுநாளுக்கு வைத்துக்கொண்டால் புகைக்கரியும் சேர்ந்து போய்விடும்.

மாரிகாலத்தில் குடிபுகுவதானால் வளவில் கிடக்கும் பெயின்ற் வாளிகள், வெட்டிய குழாய்த் துண்டுகள், சீமெந்துப் பைகள் எல்லாவற்றையும் முதல் மழைக்கு முன்னரே அகற்றுங்கள். நுளம்பு பெருகத் தேங்கிய தண்ணீர் சிறிதளவு போதும்.

பின்சேர்க்கை

இதை வாசித்த ஒருவர், தன் வீட்டு விறாந்தையில் பழைய சிவப்புச் சீமெந்துத் தரை இருப்பதாகவும் அதற்கும் வினாகிரி பயன்படுமா என்றும் கேட்டிருந்தார். வேண்டாம். அமிலம் சீமெந்தைத் தின்று மேற்பரப்பின் மினுக்கத்தைக் கெடுத்துவிடும். பளிங்குக்கும் இது பொருந்தும். சிறிது சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரால் துடைத்து, காய்ந்த பிறகு மெழுகு தேய்த்தால் போதும்.

இன்னொருவர் வெளிநாட்டிலுள்ள உறவினரின் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் போகிறார். அவருக்கு வரிசை சற்று மாறும். முதலில் மரச் சட்டங்களைத் திருகாணிச் சாவியின் பிடியால் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளலான ஓசை கேட்டால் கறையான் அரித்திருக்கிறது, துப்புரவுக்கு முன் தச்சரை அழையுங்கள். வௌவால் எச்சம் இருந்தால் உலர்வாகக் கூட்டாதீர்கள், அதன் தூளைச் சுவாசிப்பது நல்லதல்ல. யன்னல்களைத் திறந்து, முகமூடியும் கையுறையும் அணிந்து, தண்ணீர் தெளித்து ஊற விட்டு, அகப்பையால் வழித்து அள்ளுங்கள். கூரையில் வௌவால் நுழையும் இடைவெளியை, அவை வெளியே பறந்து போன பிறகு மாலையில் அடைக்க வேண்டும். பகலில் அடைத்தால் உள்ளேயே செத்து நாறும். குட்டிகள் இருக்கும் காலமென்றால் அவை பறக்கப் பழகும் வரை பொறுத்திருங்கள்.